நான்தான் என்று கை தூக்கியவள்

என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு குற்றம் செய்தாள் என்று முதன்முதலாகக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கரும்பலகை அழிக்கிற டஸ்டரைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பக்கத்து வயலில் எறிந்துவிட்டாளாம். நான்காம் வகுப்பு டீச்சர் வாசலில் நிறுத்திச் சொன்னார். நான் வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, ஸ்கூட்டரில் திரும்பும்போது சுசீந்திரம் பஸ் நிறுத்தம் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தாமதமாக நடப்பாள், தாமதமாகப் பேசுவாள், கை கால்களில் பிடிமானம் குறைவாக இருக்கும் என்றெல்லாம் சொன்ன டாக்டர்கள், சேட்டை செய்வாள் என்று மட்டும் சொல்லவில்லை. அதனால் அந்த டஸ்டர் எனக்கு எதிர்பாராமல் கிடைத்த ஒன்று. அன்று மாலை மஸ்கட்டிலிருந்து என் கணவர் வீடியோவில் வந்தபோது, "உமக்க மோளு டஸ்டரத் தூக்கி எறிஞ்சிருக்கா" என்று பெருமையாகச் சொன்னேன். அவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். நாகர்கோவிலில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு சிறப்புப் பள்ளி இருக்கிறது. போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. டீச்சர்கள் அதற்கென்றே படித்தவர்கள். கழிப்பறையில்கூடப் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருந்தார்கள். அவ்வளவும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இவள் நாளைக்கு இருக்கப்போவது எங்கள் தெருவில். தெருவில் உள்ள பிள்ளைகளுக்கு இவளைத் தெரிய வேண்டாமா? இந்த எண்ணம் நியாயமா, அல்லது என் மகளும் மற்ற பிள்ளைகளின் யூனிபாரத்தில் போக வேண்டும் என்ற என் வீம்பா என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியாது. மருந்துக்கடையில் நிற்கிறவள் நான். எந்த மாத்திரை எதற்கு என்று பட்டென்று சொல்லுவேன். என் பிள்ளை விஷயத்தில் மட்டும் எனக்குத் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். சேர்க்கப் போன அன்று பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். வகுப்பு டீச்சர் தன் மேசைக்குப் பக்கத்திலேயே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். மற்ற பிள்ளைகள் பெஞ்சில். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் அவளை ஒன்றும் கேட்பதில்லை. எழுதினால் கையில் ஸ்டார் போட்டு அனுப்புவார். "தெய்வக் குழந்தைம்மா இது" என்பார். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தெய்வம் என்றால் கோயிலில் இருக்கட்டும். நான்காம் வகுப்பில் அதற்கு என்ன வேலை? ஆனால் அந்த டீச்சரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வராது. அவ்வளவு நல்ல மனுஷி.

டஸ்டருக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சுவரில் ஒட்டியிருந்த உடல் உறுப்புகள் படத்தைக் கிழித்துவிட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டாள். சத்துணவு முட்டை ஒன்றைக் குறிபார்த்து எறிந்து சுவரை நாசம் செய்துவிட்டாள். டீச்சர் ஒவ்வொரு முறையும், "பரவாயில்லம்மா, அவளுக்கு என்ன தெரியும்" என்றுதான் முடிப்பார். ஆனால் அவர் முகத்தில் முதல் முறை முழுதாக இருந்த சிரிப்பு வரவர உதட்டோரத்துக்குப் போய்விட்டது. குறிபார்த்து எறிந்தாள் என்றபோது எனக்குக் கொஞ்சம் இடித்தது. பந்தைக் கையில் கொடுத்தால் எதிரே நிற்கிறவருக்கு எறிய முடியாமல் தன் காலடியிலேயே போடுகிறவள் என் மகள். ஒருவேளை அங்கே போய்க் கற்றுக்கொண்டாளோ? பள்ளிக்கூடம் என்பது கற்றுக்கொள்ளத்தானே. அப்படியும் நினைத்துப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பாலை வைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் நாசம். எனக்கு என்மேலேயே கோபம். "சே, ஆரு இப்படி கேஸைக் கூட்டி வச்சது?" என்று வெறுமனே கத்தினேன். அந்த நேரத்தில் வீட்டில் நானும் அவளும்தான். அவள் முன்னறையில் டி.வி. முன்னால் படுத்துக் கிடந்தாள். என் சத்தம் கேட்டதும் எழுந்து, அடுக்களை வாசலில் வந்து நின்று, வலது கையை நேராக மேலே தூக்கினாள்.

"நான்தான்."

முகமெல்லாம் சிரிப்பு. தூக்கிய கையை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கோ காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. பால் வழிந்த கையோடு நானும் அப்படியே நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய கூட்டுக்காரி, அவளுக்கு இருக்கிற ஒரே தோழி, விளையாட வந்தாள். எங்கள் தெருவின் கடைசி வீட்டு ஆட்டோக்காரரின் மகள். அதே வகுப்பு. அவளுடைய அப்பாவின் ஆட்டோவில்தான் இரண்டும் பள்ளிக்கூடம் போய்வரும். எப்போதும் இரட்டைப் பின்னல், எப்போதும் ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருக்கும். தட்டில் முந்திரிக்கொத்தை வைத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"ஏட்டி, டஸ்டர வயல்ல எறிஞ்சது ஆரு?"

கடித்த வாயோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா ஏசுவியளா ஆன்டி?"

"ஏச மாட்டேன். சொல்லு மக்கா."

"அது வேற ஒரு பய எறிஞ்சான். டீச்சர் ஆருன்னு கேட்டாவ. இவ சும்மா கையத் தூக்கிட்டா. டீச்சர் ஒண்ணுமே சொல்லல்ல. அதுக்குப் பொறவு எல்லாரும் அப்படித்தான்."

"எப்படித்தான்?"

"டீச்சர் ஆருன்னு கேட்டா நாங்க எல்லாரும் இவளப் பாப்போம். இவ தூக்குவா."

"அப்போ, படத்தக் கிழிச்சது?"

"அது நான்தான். தெரியாம கிழிஞ்சிட்டு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே ஒரு வகுப்பின் பாவமெல்லாம் என் பிள்ளையின் தலையில். "இது உங்களுக்கே நல்லா இருக்காட்டி?" என்று கேட்டுவிட்டேன். அவள் பயப்படவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

"அவளுக்கு அது பயங்கர இஷ்டம் ஆன்டி. அவ தூக்கினா நாங்க வெளிய வந்து கைதட்டுவோம். முந்தி அவ விளையாட்டு பீரியடுல படியிலயே இருப்பா. இப்போ ஆள் பிரிக்கும்போ அவளத்தான் மொதல்ல எடுப்போம்."

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொத்தின் மாவுத் தோட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள். இரட்டைப் பின்னல்காரி கைதட்டினாள். என் மகள் காத்திருந்தது இந்தக் கைதட்டலுக்குத்தான் என்று அப்போது விளங்கியது.

அன்றிலிருந்து எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டது. நெஞ்சுக்குள் ஒரு இடத்தில் நில்லாத தவிப்பு. டீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏச்சு விழும். பிறகு யார் இவளை ஆள் பிரிக்கும்போது எடுப்பார்கள்? சொல்லாவிட்டால், வகுப்பின் அழுக்குத் துணியெல்லாம் இவள் தோளில். இது கூட்டா, ஏமாற்றா? பிள்ளைகள் இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதைத்தானே நான் கேட்டேன்? இப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லையே. இருதலைக் கொள்ளி எறும்புபோல அங்கும் இங்கும் ஓடினேன். கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்து வைத்தேன். நல்லவேளை, அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கணவரிடம் சொன்னேன். "அந்த ஸ்பெஷல் ஸ்கூல்லயே போட்டிருந்தா இந்தத் தலவேதனை உண்டா? நீ பிடிச்ச பிடி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு, அவர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க டீச்சரிடம் சொல்லலாம் என்று போவதும், சொல்லாமல் திரும்புவதுமாக இருந்தேன்.

அதற்குள் மணி அடித்துவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்து மணி வராந்தா உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அடிக்கிற கம்பி ஆபீஸ் ரூம் ஜன்னலில் இருக்கும். ஒரு தட்டு, இரண்டு தட்டு என்றால் பீரியட். நிறுத்தாமல் அடித்தால் பள்ளி விட்டாயிற்று என்று அர்த்தம். அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து, டீச்சர்கள் வகுப்புக்கு வருவதற்குள் யாரோ நீள மணி அடித்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே சாடிவிட்டன. அறுவடை முடிந்த வயல் வழியாகக் கொஞ்சம் பேர், ரோட்டு வழியாகக் கொஞ்சம் பேர். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி, நாகர்கோவில் பஸ்கள் பறக்கிற மெயின் ரோட்டு ஓரத்தில் தனியாக நின்றிருக்கிறாள். டீக்கடைக்காரர் பார்த்துப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

எல்லாரையும் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்து, ஆரு அடிச்சது என்று கேட்டபோது, என் மகள் கை தூக்கியிருக்கிறாள்.

போன் வந்ததும் கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஆபீஸ் ரூமில் பெரிய டீச்சர், வகுப்பு டீச்சர், ஓரத்தில் என் மகள். பெரிய டீச்சர் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை மறுபடியும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவும் எனக்குப் பாவமாக இருந்தது.

"பாருங்கம்மா, இதுவரைக்கும் நாங்க ஒண்ணும் பெரிசா எடுக்கல்ல. ஆனா இன்னைக்கு ஒரு பிள்ளைக்க உயிரு. இனி எங்களால பாத்துக்கிட முடியாது. ஜூன்ல நாகர்கோவில் ஸ்கூல்ல சேத்திருங்க. டி.சி. நான் எழுதித் தாறேன். அதுக்கும் அதுதான் நல்லது."

அது. என் மகள் அது.

"டீச்சர், இவளுக்கு அந்தக் கம்பியைத் தூக்கவே பலம் இல்லை" என்றேன். "மணிச் சத்தம்னாலே பயம்."

"அவளே கை தூக்கினா. எல்லாப் பிள்ளைகளும் பாத்துது."

நான் மகளிடம் திரும்பினேன். "நீயா மக்கா மணி அடிச்ச?"

"நான்தான்" என்று கையைத் தூக்கினாள். சிரித்தாள். கைதட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

உள்ளதை அங்கேயே கொட்டியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னால் அது பெற்றவள் சொல்கிற சால்ஜாப்பு. அதோடு எனக்குக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. யார்மேல் என்றும் தெரியவில்லை. பிள்ளைகள்மேலா, இந்த நல்ல டீச்சர்கள்மேலா, சிரித்துக்கொண்டு நிற்கிற இவள்மேலேயேவா. வாயில் வந்தது வேறு.

"வேற ஒரு பிள்ளை அடிச்சிருந்தா என்ன செய்வீங்க டீச்சர்?"

"வேற பிள்ளைன்னா... ஒரு வாரம் விளையாட்டு பீரியட் கிடையாது. இந்த வாசல் படியில இருக்கணும்."

"டி.சி. குடுப்பீங்களா?"

பெரிய டீச்சர் வகுப்பு டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இவளுக்கும் அந்தப் படியையே குடுங்க."

"அவளுக்குத் தண்டனைன்னா என்னன்னு தெரியுமாம்மா? பாவம் இல்லியா?" என்றார் வகுப்பு டீச்சர். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது அவருக்கு.

"தெரியட்டும்" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வெளியே வந்தது.

அந்த நேரத்தில் கடைசி பீரியடுக்காக ஆயா மணியைத் தட்டினார். இரண்டே தட்டு. என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். பெரிய டீச்சர் அதைப் பார்த்தார். வகுப்பு டீச்சரும் பார்த்தார். ஆனாலும் நானே கேட்ட தண்டனையை நான் திருப்பி வாங்கவில்லை.

நான்காம் வகுப்புக்கு அது விளையாட்டு பீரியட். சத்தம் நின்றதும் அவள் என்னை விட்டுவிட்டு வெளியே ஓடப் பார்த்தாள். வகுப்பு டீச்சர் கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தார். "இன்னைக்கு நீ விளையாடக் கூடாது. மணி அடிச்சேல்ல? இங்கதான் இருக்கணும்." அவள் சிரித்தாள். எழுந்தாள். டீச்சர் மறுபடியும் உட்கார வைத்தார். எதிரே மைதானத்தில் ஆள் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று கால் பரபரத்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. முகம் மெல்ல மெல்லக் கோணியது. பிறகு, இதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தத்தில் கத்தினாள்.

"நான் இல்ல!"

கை மறுபடியும் மேலே போனது. ஆனால் இந்த முறை அந்தக் கை மைதானத்தின் பக்கம் நீண்டது. "அவ! அவதான்!"

விரல் நீண்ட இடத்தில் இரட்டைப் பின்னல்காரி நின்றிருந்தாள். அவள் ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு படி வரைக்கும் வந்தாள். "நான்தான் டீச்சர். நீள மணி அடிச்சா கையில எப்படி இருக்கும்னு பாத்தேன். நிறுத்த முடியல்ல" என்றாள். பிறகு டஸ்டர், படம், குழாய், முட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வகுப்பு டீச்சர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் கெடுத்திட்டேனா?" என்று யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்.

இரட்டைப் பின்னல்காரிக்கு ஒரு வாரம் படி. செய்யாததைச் செய்தேன் என்று சொன்னதற்கு என் மகளுக்கு இரண்டு நாள். சரியா என்று பெரிய டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். சரி என்றேன். டி.சி. பேச்சை விடுங்க என்று அவரே சொன்னார். மேசைக்குப் பக்கத்தில் கிடந்த அந்தத் தனி நாற்காலியை எடுத்துவிட்டு அவளையும் பெஞ்சில் உட்கார வைக்கப்போவதாக வகுப்பு டீச்சர் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் சாப்பிடவில்லை. டி.வி. பார்க்கவில்லை. "அவ எனக்க கூட்டு இல்ல" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "ஏம்மக்கா?" என்றால், "ஆள் பிரிக்கும்போ அவ என்னப் பாக்கல்ல" என்றாள். மறுநாள் ஸ்கூட்டரில் நானே அவளைக் கொண்டுபோய் விட்டேன். விளையாட்டு பீரியட் நேரத்தில் கடையிலிருந்து ஒரு நடை போய்ப் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வாசல் படியின் ஒரு நுனியில் என் மகள், மறு நுனியில் அவள். ஒன்று ஆரல்வாய்மொழி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது, மற்றது ஆபீஸ் ரூம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. ஆயா என்னைக் கண்டுவிட்டு மதில் பக்கம் வந்தார்.

"ரெண்டும் பிணக்கு" என்றார். "காலையில இருந்து ஒரு வார்த்த பேசல்ல கேட்டியளா. ஒங்க பிள்ளைக்கும் வீம்பு உண்டு, என்னா!"

பிள்ளைகளுக்குள் முகம் திருப்பிக்கொள்வதற்கு எங்கள் பக்கம் பிணக்கு என்பார்கள். எங்கள் தெருவில் என் மகளைப் பற்றி எப்போதும் ஒரே பேச்சு: பாவம், ஆருகிட்டயும் சண்டைக்குப் போகத் தெரியாத பிள்ளை. யோசித்துப் பார்த்தால் அவளிடமும் இதுவரை யாரும் பிணங்கியதில்லை. யாருக்கும் அவள்மேல் கோபம் வந்ததே இல்லை. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இருந்த ஒரே கூட்டையும் என் வாயால் கெடுத்துவிட்டேனே என்றா, சந்தோஷத்திலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆயா உள்ளே போய்விட்டார்.

இரவு இரட்டைப் பின்னல்காரியின் அம்மாவுக்குப் போன் போட்டேன். சமாதானம் செய்து வைக்கத்தான். மணி போகும்போதே கட் செய்துவிட்டேன். வேறு பிள்ளைகள் பிணங்கினால் யார் போய்ச் சமாதானம் செய்கிறார்கள்? செய்வார்களோ? எனக்கு அதுவும் தெரியவில்லை.

காலையில் ஆட்டோ வந்து நின்றது. பின்னால் இரட்டைப் பின்னல், வெளிப்பக்கம் பார்த்த முகம். வழக்கமாக ஓடிப்போய் அவள் பக்கத்தில் ஏறுகிறவள், முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றாள். "நான் இங்க" என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் திரும்பாமல் நேராக உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்டோக்காரர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "என்ன ஆச்சு இதுகளுக்கு?"

எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிக்கொண்டு வந்தது. இருந்தாலும் தெருவுக்கே கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் பிணக்கு."